இரண்டாம் பாகத்தில் ஒன்பது சொற்கள்

கோயம்புத்தூர்
09.06.2024

அன்புள்ள கரோலின் அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். மடத்தில் உனக்கு ஒரு வருடத்துக்குக் கைப்பேசி கிடையாது என்பதால் இனி வீட்டிலும் கோயிலிலும் நடப்பதை நான்தான் உனக்கு எழுத வேண்டும். கூட்டாமல் குறைக்காமல், எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். இது உறுதி.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறார். அம்மா நலம். குன்னூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? ஸ்வெட்டர் போதுமா?

இன்று நடந்ததைச் சொல்கிறேன். என் நீல நோட்டு உனக்கு நினைவிருக்கும். கதைப் புத்தகங்களில் ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’ மாதிரித் தொடர்களைப் பார்த்தால், தமிழில் பொருள் எழுதி, கூடவே நம் வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியமும் எழுதி வைப்பேனே, அதுதான். எட்டாம் வகுப்பில் தொடங்கியது. இப்போது பதினொன்று. மூன்று வருட உழைப்பு.

மே மாதம் ஜெரால்டு சார் அதை இரவல் வாங்கினார். மஸ்கட் ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்துவிட்டு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் பெண்களுக்கு இலவசமாக ஆங்கிலம் பேசக் கற்றுத் தருகிறார் என்று உனக்குத் தெரியும். “பாத்துட்டுத் தாரேன் கண்ணு” என்றார். இன்று அது புத்தகமாக வந்துவிட்டது. ‘அன்றாட ஆங்கிலம் – முதல் பாகம்’. அட்டையில் கோட்டு போட்ட ஜெரால்டு சார். உள்ளே என் ஐம்பத்துமூன்று தொடர்கள். ‘அப்பா முழங்கால் வலியால் கோயிலுக்குப் போவதைத் தள்ளிப்போட்டார்’ என்ற வாக்கியம்கூட அப்படியே இருக்கிறது. முன்னுரையில் அவருடைய அம்மாவுக்கும், பங்குத் தந்தைக்கும், உக்கடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தாரிக் அண்ணனுக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். என் பெயர் எங்கும் இல்லை. நான் நான்கு முறை தேடினேன்.

ஏன் ஐம்பத்துமூன்று என்று கேட்பாய். அது சூசைமேரி அக்காவின் வழி. ஆர்.எஸ்.புரம் கிளினிக்கில் ஆயாவாக இருக்கிறாரே, அவர்தான். ஜெபமாலையில் அருள்நிறை மந்திரத்துக்கு ஐம்பத்துமூன்று மணி. மணிக்கு ஒரு தொடர் என்று உருட்டி மனப்பாடம் செய்கிறார். இப்போது வகுப்பு முழுவதும் அப்படித்தான். ஒருவர் ஆங்கிலத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஜெபம் போலப் பொருளைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

அவருக்கு இந்தப் படிப்பு விளையாட்டு இல்லை. தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி தம்பி மனைவி சொல்லிவிட்டாராம். வடவள்ளிப் பக்கம் வசதியான முதியோர் குடியிருப்பு ஒன்றில் வேலை கிடைத்தால் தங்க ஒரு அறையும் தருவார்கள். ஆனால் ஆங்கிலம் புரிய வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் மண்டபத்து விசிறிகளையும் விளக்குகளையும் அணைப்பது அவர் வேலை. இன்று என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தார். கிளினிக் பழக்கம். “கை கொதிக்குது அம்மணி. ஊட்டுக்குப் போய் மோர் குடிங்க” என்றார். கோபத்தில் கை கொதிக்கும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

உன் தங்கை,
ஆஷ்லி

*

குன்னூர்
30.06.2024

அன்பு ஆஷ்லி,

உனக்கும் அப்பா அம்மாவுக்கும் என் வாழ்த்து. நான் நலம். குளிர் பழகிவிட்டது. விடியலில் தண்ணீர் மட்டும்தான் பகையாளி.

உன் கடிதத்தை மதர் முதலில் படித்துவிட்டு என்னிடம் தந்தார். இங்கே அதுதான் ஒழுங்கு. அதை மனதில் வைத்து எழுது.

உழைப்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் வலிக்கும். அவருக்காக ஜெபி என்று சொல்வதுதான் இங்கே நான் கற்கும் பாடம். ஜெரால்டு சாரைப் பற்றி அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எனக்கு ஓர் உதவி செய். உணவறையில் ஆங்கிலம் மட்டும்தான். நான் பெரும்பாலும் உப்பைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் நோட்டிலிருந்து கொஞ்சம் எழுதி அனுப்பு. அப்பாவைப் படியேற விடாதே.

அக்கா கரோலின்

*

கோயம்புத்தூர்
14.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். அம்மா அனுப்பும் எள்ளுருண்டை இதோடு வருகிறது. உன் தோழிகளுக்கும் கொடு. உப்பு மட்டும் கேட்கிறவளுக்கு ஒன்று அதிகம்.

போன ஞாயிறு ஜெரால்டு சார் மண்டபத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

“ஏங் கண்ணு, முதல் பாகம் அத்தனையும் தீந்துபோச்சு பாத்தியா. ரெண்டாம் பாகத்துக்கு இன்னொரு ஐம்பத்துமூணு எடுத்துக் குடு.”

“முதல் பாகத்துல என் பேரு வரலீங்க சார்.”

அவர் சிரித்தார். “உம்பேரப் போட்டா, பள்ளிக்கூடத்துப் புள்ள எழுதுனதுன்னு ஒருத்தியும் தொடமாட்டா. நாலு பேருக்கு உபயோகமாப் போகுதில்ல? மாதாவுக்குச் செய்யறேன்னு நெனச்சுக்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் பெருசு பெருசாப் போடு. அக்டோபர் திருவிழாவுல மேடையேறிச் சொல்லணும். காலேஜ் பிரின்சிபால் ஒருத்தரச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டிருக்கறேன். அவரு அசந்துபோகணும்” என்றார்.

நான் சரி என்றேன். அக்கா, ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து சரி வந்ததைக் கண்டு நானே வியந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மேடையையும், பிரின்சிபாலையும், கோட்டு போட்ட சாரையும், முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் என்னையும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். தாரிக் அண்ணன் தட்டச்சு செய்யும்போது, “ஏனுங்க அம்மணி, ரெண்டு பாகமும் உங்க கையெழுத்துத்தானுங்களே?” என்று கேட்டார். வீட்டுக்கு வெளியே அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

உனக்கும் அதே ஐம்பத்துமூன்றை என் கையால் எழுதி இணைத்திருக்கிறேன். நீ இதையே படி. வேறு எங்கிருந்தும் படிக்காதே. மதருக்கு என் வணக்கம்.

ஆஷ்லி

*

குன்னூர்
11.08.2024

அன்பு ஆஷ்லி,

எள்ளுருண்டை ஒரே மாலையில் தீர்ந்தது. உன் பதினாறு பக்கமும் பத்திரம். இங்கே விடாத மழை. எனக்கு லேசான சளி, கவலைப்பட ஒன்றுமில்லை. அப்பா மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாரா?

நேற்று உணவறையில் பேச்சு ‘பீட்டர் அவுட்’ ஆகிவிட்டது என்று சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றுபோவது என்று நீ எழுதியிருந்தாயே, அது. எப்போதும் என் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கும் ஒருத்தி, அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். உடனே சொல்லாமல், ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆனாலும் ரசம் சுவையாகத்தான் இருந்தது.

நீ அனுப்பியதை வேறு எங்கிருந்தும் படிக்காதே என்று ஏன் எழுதினாய்?

கரோலின்

*

கோயம்புத்தூர்
01.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி குறைந்ததா? அம்மா சுக்கும் திப்பிலியும் இடித்து வைத்திருக்கிறார். வருகிற பார்வை நாளில் அப்பா கொண்டுவருவார். இங்கே எல்லோரும் நலம்.

மாதா விண்ணேற்பு நாளில் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அதே கோட்டு, புதுப் படம். இப்போது ஞாயிறுதோறும் மண்டபத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். ஒரு வகுப்பையும் விடுவதில்லை. சூசைமேரி அக்கா மணியை உருட்டி முன்னால் சொல்வார். “கீல் ஓவர்.” நாற்பது பெண்களும் ஒரே குரலில், “ஒருக்களித்துப் படுத்து உறங்குதல்.” அடுத்த மணி. “ஓன் அப்.” “பிறர் பொருளைத் தனதாக்கிக்கொள்ளுதல்.” ஜெரால்டு சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி அதையே சொல்வார். அவர் வாயிலிருந்து அது வரும்போதெல்லாம் எனக்கு உள்ளே சில்லென்று ஒரு சந்தோஷம். திருவிழாவுக்கு இன்னும் முப்பத்தைந்து நாள். சுவரில் நாட்காட்டியைக் கிழிக்கும் வேலையை அம்மாவிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

சூசைமேரி அக்காவுக்கு முதியோர் குடியிருப்பிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. அவர் உக்கடம் பேருந்து நிறுத்தத்தில்கூட மணியை உருட்டிக்கொண்டு நிற்பதாக அப்பா சொன்னார். பக்கத்தில் நின்றவர், எந்த மாதாவுக்கு நேர்ச்சை என்று கேட்டாராம். “இங்கிலீஷ் மாதாவுக்குங்க” என்று இவர் சொன்னாராம்.

உன் கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆஷ்லி

*

குன்னூர்
22.09.2024

ஆஷ்லி,

அப்பா வந்து போனார். முழங்காலை மடக்காமல் நடந்தாலும் மகிழ்ச்சியாகவே இருந்தார். சுக்குப் பொடியோடு அவர் பெருமையாக இன்னொன்றையும் கொண்டுவந்தார். இரண்டாம் பாகம். “இத்தனையும் நம்ம புள்ளயோட நோட்டுல இருந்து எடுத்ததுதான்” என்று மதரிடமும் சொன்னார்.

உன் கையெழுத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்பது இடங்களில் பொருள் வேறாக இருக்கிறது. நூலகத்துப் பெரிய அகராதியையும் பார்த்தேன். எனக்கு நீ எழுதியது ஒன்பதிலும் சரி. அச்சிலிருப்பது ஒன்பதிலும் தவறு.

‘ஓன் அப்’ தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வது. ‘சீஸ் அப்’ உடம்பு இறுகி அசையாமல் போவது, அச்சில் கைகுலுக்குவது. ‘கீல் ஓவர்’ மயங்கிச் சாய்ந்து விழுவது. அச்சில் ஒருக்களித்துப் படுத்து உறங்குவது. மற்ற ஆறும் உனக்கே தெரியும்.

மதர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். இது தாரிக் கடைப் பிழையா? இல்லையென்றால், சூசைமேரி அக்கா எந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வயதானவர்கள் இருக்கும் இடத்துக்கு வேலைக்குப் போகப்போகிறார்?

உடனே பதில் எழுது. அதற்கு முன்னால் அவரிடம் போய்ச் சொல்.

கரோலின்

*

குன்னூர்
13.10.2024

ஆஷ்லி,

நீ நலமா? மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. திருவிழா முடிந்திருக்கும். மழையால் தபால் தாமதமா, அல்லது அப்பாவுக்கு ஏதாவது உடம்பா? ஒரு வரி போதும். நான் கேட்டதற்கு ஆம் அல்லது இல்லை.

கரோலின்

*

கோயம்புத்தூர்
27.10.2024

அக்காவுக்கு,

அப்பா, அம்மா உடல்நலத்தில் குறை இல்லை. தபாலும் தாமதமில்லை. உன் முதல் கடிதம் செப்டம்பர் இருபத்தாறாம் தேதி மாலையே வந்துவிட்டது. நீல நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

கடைப் பிழை இல்லை. ஒன்பதையும் நான்தான் எழுதினேன். அவருக்குத் தெரியாத தொடர்களாகப் பார்த்துப் பார்த்து, உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் பொய்யாகச் செய்தேன். மேடையில் அவர் அதைச் சொல்ல வேண்டும், விருந்தினர் திருத்த வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும். உன் கடிதம் வந்தபோது அதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பத்து நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் ஆறு. ஜெபமாலை மாதா திருவிழா. நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஜெரால்டு சார் ஒன்பதையும் சொன்னார். நாற்பது பெண்களும் பொருளைச் சொன்னார்கள். விருந்தினர் கையில் இருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கைதட்டினார். எழுந்து சாருக்குப் பொன்னாடை போர்த்தி, இது அரிய பணி என்றார். அக்கா, ஒருவருக்கும் தெரியவில்லை. நான் மூன்று மாதம் நாள் எண்ணியது ஒரு பொன்னாடைக்காக.

இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

எட்டாம் தேதி மாலை சூசைமேரி அக்கா லட்டு டப்பாவோடு நம் வீட்டுக்கு வந்தார். வேலை கிடைத்துவிட்டது. கிளினிக்கிலிருந்து நின்றுவிட்டார். அறைச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அதை அவிழ்த்து அம்மாவிடம் காட்டிவிட்டு, மறுபடி முடிந்தார். “ஜன்னலு கூட இருக்குதுங்க. தொறந்தா மருதமல தெரியுது” என்றார். சொல்லிவிட வேண்டும் என்று நான் எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன். அப்போது அவர் என் தலையைத் தடவி, “எல்லாம் ஜெரால்டு சார் புண்ணியம் கண்ணு. அவரு எழுதுன புக்கு மட்டும் இல்லீன்னா நானெல்லாம் அந்த கேட்டுக்குள்ள போவேனா?” என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். லட்டைத் தின்றேன்.

அந்தக் குடியிருப்பில் டோரத்தி அம்மா என்று ஒருவர். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து, நாற்பது வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர். தமிழ் மறந்துவிட்டது. பதினேழாம் தேதி மதியம் இரண்டரை மணிக்கு நாற்காலியில் இருந்தபடி, தான் ‘கீல் ஓவர்’ ஆகப்போவதாகச் சொல்லியிருக்கிறார். சூசைமேரி அக்கா அவரைத் தூக்கிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்த்தி, திரையை இழுத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். நான்கு மணிக்குத் தேநீர் கொண்டுபோனவர்கள் பார்க்கும்போது டோரத்தி அம்மா தரையில் கிடந்திருக்கிறார். சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உயிர் தப்பிவிட்டார். இனி நடப்பாரா என்று தெரியவில்லை.

சூசைமேரி அக்காவை மறுநாளே அனுப்பிவிட்டார்கள். கிளினிக்கில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இருபதாம் தேதி கோயிலில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

“தூக்கறப்பவே கை சில்லுனு இருந்துச்சுங்க. வேர்த்து ஊத்துச்சு. பன்னெண்டு வருசம் கிளினிக்குல கெடந்தவளுக்கு அது தெரியாதுங்களா? நர்ஸு சிஸ்டரக் கூப்பிடோணும்னு வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். அப்பறம், புக்குல போட்டிருக்கறத விட நமக்கென்ன பெருசாத் தெரியும்னு திரும்பிப் போயி வெளக்க அமத்துனேனுங்க.”

நான் அழுதேன் அக்கா.

ஆஷ்லி

*

குன்னூர்
03.11.2024

ஆஷ்லி,

நீ அழுததை எனக்கு எழுதாதே.

இந்தக் கடிதத்தை மதர் படிக்கவில்லை. நான் எழுதி நீட்டியபோது, நீயே ஒட்டு என்றார். அதனால் நானும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செப்டம்பரில் நான் கேட்டிருந்தால் மதர் அன்றே தொலைபேசியைத் தந்திருப்பார். அப்பாவிடம் பேச இரண்டு நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. தபாலில் கேட்டேன். தபால் மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில், ஈஸ்டர் பூசையில், ஆங்கில வாசகம் வாசிக்க ஏறிய என்னை “உன்ற உச்சரிப்புக்குத் தமிழே போதும்” என்று ஜெரால்டு சார் படியிலிருந்து இறக்கினார். அது எனக்கு மறக்கவில்லை. திருவிழா நடந்து முடியட்டும் என்று நானும்தான் காத்திருந்தேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து சூசைமேரி அக்காவின் அறைச் சாவியைப் பிடுங்கினோம். நான் இங்கே சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். நீ மண்டபத்தில் போய், எல்லோர் முன்னாலும் சொல். குடியிருப்பு மேலாளருக்கும் எழுது. எழுதிய பிறகு எனக்கு எழுது. அதுவரை வேண்டாம்.

அப்பாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

கரோலின்

*

கோயம்புத்தூர்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் அம்மாவும் உடம்பில் நலம். அப்பா பத்து நாளாக என்னிடம் பேசுவதில்லை. நீ நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

குடியிருப்பு மேலாளருக்கு ஒன்பதாம் தேதி எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டு, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பொருள் தெரியாவிட்டாலும் வேர்த்துப்போன கையைப் பார்த்து மணி அடித்திருக்க வேண்டும், அதனால் சூசைமேரி அக்காவைத் திரும்ப எடுக்க முடியாது என்று பதில் வந்தது. அதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மண்டபத்தில் சொல்வதற்கு இரண்டு ஞாயிறு தவறவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. இன்று கிறிஸ்து அரசர் திருநாள். திருநாளுக்கு ஆட்கள் நிறைய வந்திருந்ததால் வகுப்பை மாலைக்கு மாற்றியிருந்தார்கள். ஐந்து மணிக்குப் போனேன்.

ஆனால் எனக்கு முன்னால் ஜெரால்டு சார் எழுந்துவிட்டார். என் கடிதத்துக்குப் பிறகு குடியிருப்பிலிருந்து பங்குத் தந்தையிடம் பேசியிருக்கிறார்கள். மேசைமேல் இரண்டு பாகத்தின் பிரதிகளும் அடுக்கியிருந்தன. ஒவ்வோர் அட்டையிலும், அவருடைய கோட்டுப் படத்தை மறைத்து, பள்ளி நோட்டில் ஒட்டுவோமே அந்த வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில், ‘எழுதியவர்: அ. ஆஷ்லி’.

“இதுல ஒரு எழுத்துக்கூட என்னுது இல்லீங்க” என்றார். “முதல் பாகமும் சரி, ரெண்டாம் பாகமும் சரி, முழுக்க முழுக்க இந்தப் புள்ள எழுதுனது. அந்தப் பெருமைய நான் எடுத்துக்கிட்டது தப்பு. இன்னைக்குத் திருப்பிக் குடுத்துட்டேன்.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏங் கண்ணு, போதுமா? இல்ல, இன்னும் பெருசாப் போடோணுமா?”

நாற்பது பேரும் திரும்பினார்கள். ஜூன் மாதம் நான் நான்கு முறை தேடிய பெயர், மேசை முழுக்க இருந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அக்கா, எனக்கு அந்தச் சீட்டுகளைக் கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது.

நானும் சொன்னேன். ஒன்பதையும் வேண்டுமென்றே எழுதியதை, யாருக்காக எழுதினேன் என்பதை, உன் கடிதம் வந்த தேதியை, லட்டுத் தின்றதை. ஒருவரும் திட்டவில்லை. பின்னாலிருந்து ராசாத்தாள் அக்கா மட்டும், “இத்தன படிச்ச புள்ளைக்கு நாங்க நாப்பது பேரு கண்ணுலயே படலயா அம்மணி?” என்று கேட்டார்.

பிறகு சரியான பொருளைச் சொல்லித் தரும்படி, மேசையருகே உட்கார்ந்திருந்த பங்குத் தந்தை சொன்னார். கரும்பலகையில் ஒன்பதையும் எழுதி விளக்கினேன். எல்லோரும் புத்தகத்தில் அடித்து எழுதிக்கொண்டார்கள். அதன் பின் சோதிப்பதற்காக, “கீல் ஓவர்” என்றேன். நாற்பது பேரும் யோசிக்காமல், ஜெபம் போல, “ஒருக்களித்துப் படுத்து உறங்குதல்” என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களே திடுக்கிட்டார்கள். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதுவே வந்தது. மூன்றாம் முறையும் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். மணி மணியாக உள்ளே போனதை எப்படி வெளியே எடுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சூசைமேரி அக்காவும் வந்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை இல்லை. தம்பி வீட்டில் அவருடைய பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்களாம். கொஞ்ச நாளைக்கு மண்டபத்தின் பின்னறையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பங்குத் தந்தை. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

ஆறரை மணிக்கு எல்லோரும் போனார்கள். ஜெரால்டு சாரின் ஸ்கூட்டர் சத்தமும் போய்விட்டது. நான் பெஞ்சிலேயே இருந்தேன். சூசைமேரி அக்காவிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் எழுந்து வந்து விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டார். நான் கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்று நினைவில்லை. தமிழில்தான் கேட்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஜூன் மாதம் பிடித்த மாதிரியே என் கையைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

“கை சில்லுனு இருக்குது அம்மணி” என்றார்.

கையை என் மடியில் திரும்ப வைத்தார். வாசல் வரைக்கும் நடந்தார். வாசற்படியில் ஒரு கணம் நின்றார். சுவிட்சுப் பலகை அங்கேதான் இருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெஞ்சில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

விளக்குகளை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.